அன்ட்ரொய்ட் 16 வெளிவர முன்: வன்னியில இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அன்ட்ரொய்ட் 16இன் நான்காவது பீட்டா (முழுப் பதிப்புக்கு முன் விடும் சோதனைப் பதிப்பு) 2025 ஏப்ரல் 17இல் வந்தது. திட்டமிட்ட கடைசிப் பீட்டா இதுதான். முழுப் பதிப்பு 2025 ஜூன் 10இல் வந்தது. கீழே உள்ளவை அதற்கு முன், பீட்டா ஓடிய நாட்களில் எழுதியவை. பதில்கள் கூகிளின் சொந்தப் போனான பிக்சலை வைத்து எழுதப்பட்டவை. மற்ற போன்களுக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாக்கிவிட்டேன்.

மாங்குளம்: அண்ணை, என்னட்ட சாம்சுங் ஏ வரிசை போன். தம்பியிட்ட ரெட்மி. ரெண்டிலயும் இந்தப் பீட்டாவைப் போடேலுமோ?

ரெண்டிலும் ஏலாது. கூகிளின் பீட்டா நேரடியாகப் போவது பிக்சல் 6இற்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். சாம்சுங் தன் போன்களுக்கு மாற்றியமைத்த அன்ட்ரொய்ட்டான வன் யூஐயின் பீட்டாவைத் தனியாக நடத்தும். போன தடவை வன் யூஐ 7 பீட்டா கொரியா, அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, போலந்து, இந்தியா ஆகிய 6 நாடுகளுக்கே கிடைத்தது, அதுவும் எஸ்24 வரிசையில்தான் தொடங்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ரெட்மியைச் செய்யும் ஷவோமி, ஒன்பிளஸ் போன்றவை விலை கூடிய மொடல் ஒன்றிரண்டுக்கு மட்டும் திறந்துவிடும். "எந்தப் போனுக்கும் அன்ட்ரொய்ட் 16" என்று வட்ஸப்பில் சுற்றும் ஏபிகே கோப்புகளை (செயலியை நிறுவும் கோப்பு)த் தொடவே வேண்டாம். இயங்குதளம் ஏபிகேயாக வருவதில்லை. அது முகப்புத் திரையின் தோற்றத்தை மட்டும் மாற்றும் வெறும் லோஞ்சராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கிளிநொச்சி: பிக்சல் 6ஏ வைச்சிருக்கிறன். போடுற முறை என்ன? எவ்வளவு டேட்டா போகும்? இடையில கறண்ட் போனா போன் செத்துப் போகுமோ?

கூகிளின் அன்ட்ரொய்ட் பீட்டாப் பக்கத்துக்குப் போய், போனில் உள்ள அதே ஜிமெயில் கணக்கால் உள்ளே நுழையுங்கள். உங்கள் போனின் படத்துக்குக் கீழே சேர்வதற்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்தியபின் போனில் செற்றிங்ஸ், சிஸ்டம், சொஃப்ட்வெயார் அப்டேட் என்று போய்ப் பாருங்கள். சில நிமிடத்திலும் வரலாம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். சேரும்போது டேட்டா அழியாது.

முழுக் கோப்பு 2 ஜிபிக்கு மேல். பகல் டேட்டாவை இதற்குக் கரைக்காமல் இரவு டேட்டா உள்ள பக்கேஜில் நடுச்சாமத்துக்குப் பிறகு விடுங்கள். இடையில் லைன் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்துதான் தொடரும். உள்ளே குறைந்தது 10 ஜிபி இடம் வைத்துக்கொள்வது நல்லது. இடம் போதாமல் பாதியில் நின்று மறுபடி மறுபடி முயற்சிப்பதில்தான் டேட்டா வீணாகும்.

கறண்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பிக்சலில் சிஸ்டத்துக்கு இரண்டு இடம் உண்டு. நீங்கள் பாவிக்கும் பக்கத்தைத் தொடாமல் மற்றப் பக்கத்தில் புதியதை எழுதி, றீஸ்ராட் பண்ணும்போது மாறும். புதிய பக்கம் எழும்பாவிட்டால் தானாகப் பழையதுக்குத் திரும்பும். ஒருமுறை ஒழுங்காக எழும்பிவிட்டதென்றால் பழைய பக்கம் போய்விடும். அதற்குப் பிறகு திரும்புவது வேறு கதை, அடுத்த கேள்வி அதுதான்.

முல்லைத்தீவு, மல்லாவி, நெடுங்கேணி: பிடிக்காட்டி பழைய பதிப்புக்குப் போகலாமோ? படம், மெசேஜ் எல்லாம் இருக்குமோ?

போகலாம். ஒன்றும் இருக்காது. பீட்டா வேண்டுமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது புது அம்சங்களை அல்ல, இந்த வெளியேறும் வழியை.

அதே பீட்டாப் பக்கத்தில் விலகும் பொத்தானை அழுத்தினால், 24 மணித்தியாலத்துக்குள் போனுக்கு ஒரு அப்டேட் வரும். பார்க்க மற்ற அப்டேட் மாதிரியே இருக்கும். ஆனால் அது கீழிறக்கும் அப்டேட், போட்ட உடனே போன் முழுதாகத் துடைக்கப்படும். விலகிவிட்டு அடுத்த நாள் நித்திரைத் தூக்கத்தில் "இன்ஸ்டோல்" அழுத்தினால் பிள்ளையின் படங்கள் எல்லாம் போச்சு.

துடைக்காமல் வெளியேற ஒரு வழி இருக்கிறது. விலகுங்கள், ஆனால் அந்தக் கீழிறக்கும் அப்டேட்டைப் போடாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு, முழுப் பதிப்பு வரும்போது அதைப் போடுங்கள். டேட்டா அப்படியே இருக்கும், பீட்டாவில் இருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள்.

இதிலும் ஒரு பொறி. பீட்டாத் திட்டம் 16இன் முழுப் பதிப்போடு நிற்காது. அடுத்த காலாண்டு அப்டேட்டின் பீட்டா முழுப் பதிப்புக்கு முன்பே கூட வரலாம். 2024இல் அன்ட்ரொய்ட் 15 பிக்சலுக்கு ஒக்டோபர் 15இல்தான் வந்தது. அதன் காலாண்டு அப்டேட்டின் முதல் பீட்டாவோ ஓகஸ்டிலேயே வந்துவிட்டது. "ஒரு அப்டேட் வந்திருக்கு" என்று போட்டவர்கள், துடைக்காமல் வெளியேற டிசெம்பர் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எனவே அப்டேட் திரையில் பெயரை வாசியுங்கள். கியூபிஆர் (காலாண்டு அப்டேட்டின் சுருக்கப் பெயர்) என்றும் பீட்டா என்றும் இருந்தால் கையை எடுங்கள்.

பக்கப் (காப்புப் பிரதி) பற்றி: கூகிள் பக்கப் புதிய அன்ட்ரொய்ட்டில் எடுத்தது என்றால் பழைய அன்ட்ரொய்ட் போனில் இறங்காது. ஆகவே சேர முன் ஒன்று எடுத்து வைத்தாலும், பீட்டாவில் இருந்த நாட்களின் பக்கப் 15க்குத் திரும்பியபின் உதவாமல் போகலாம். படங்களைக் கேபிளால் லப்டொப்பில் இறக்கி வையுங்கள். வட்ஸப்புக்கு அதன் உள்ளேயே தனிப் பக்கப் எடுக்க வேண்டும். அது இப்போது கூகிள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் எண்ணப்படுவதால் வீடியோவைச் சேர்க்காமல் விடுங்கள். ஒருமுறைக் கடவுஎண் தரும் ஒதென்ரிகேற்றர் செயலி வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் வேறு போனுக்கு மாற்ற வேண்டும்.

புதுக்குடியிருப்பு: சில செயலிகளில தமிழ் எழுத்து மேல வெட்டுப்படுது, சிலதில வரிக்கு வரி இடைவெளி கூடிப்போச்சு. பீட்டாவின்ர பிழையோ?

இந்தத் தொகுப்பிலேயே நல்ல கேள்வி. பிழை அல்ல, தெரிந்தே செய்த மாற்றம், அதுவும் எங்கள் எழுத்தைத் தொடும் மாற்றம்.

தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விட உயரம் கேட்கும். "கீ", "ரி" மேலே வளையும், "ழு", "ஞூ" கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் இவற்றை அடக்க, அன்ட்ரொய்ட் இவ்வளவு காலமும் நெருக்கிய அளவுள்ள ஒரு எழுத்துருவை மெனு, பொத்தான் போன்ற இடங்களில் பாவித்தது. 15ஐ இலக்காக வைத்து, அதாவது அந்தப் பதிப்பின் விதிகளுக்கு ஏற்பக் கட்டிய செயலிகளில் நெருக்காத, வாசிக்க இலகுவான வடிவம் இயல்பாக வரத் தொடங்கியது. வேண்டாம் என்ற செயலி எழுத்தாளர் நிறுத்தி வைக்கலாம். 16ஐ இலக்கு வைத்த செயலிகளில் அந்த நிறுத்தும் வசதியும் இல்லை. தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், தாய், அரபு போன்றவையும் இதில் அடங்கும்.

விளைவு இரண்டு விதம். பெட்டி உள்ளடக்கத்தோடு சேர்ந்து வளரும்படி செய்த செயலியில் வரி இடைவெளி கூடும், வாசிக்க நல்லாயிருக்கும். பெட்டியின் உயரத்தை இத்தனை என்று இறுக்கி வைத்த செயலியில் "கீ"யின் தலை வெட்டுப்படும். தன் சொந்தத் தமிழ் எழுத்துருவோடு வரும் செயலியை இது தொடாது.

உங்களால் செய்யக்கூடியது: செற்றிங்ஸ், டிஸ்பிளே பகுதியில் எழுத்தின் அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அதோடு திரை அளவைக் குறைப்பது பெரும்பாலும் உதவாது, பெட்டியும் சேர்ந்து சிறுக்கும். பிறகு அந்தச் செயலியைச் செய்தவருக்கே ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புங்கள். திருத்த வேண்டியது அவர், கூகிள் அல்ல. பள்ளிக்கூடத்துக்கோ சங்கத்துக்கோ செயலி எழுதும் எங்கட பெடியள் பெட்டிக்கு நிலையான உயரம் கொடுப்பதை விட்டாலே பாதிப் பிரச்சினை முடியும். சோதிக்க "ஸ்ரீ", "கௌ", "ஞூ" மூன்றும் ஒரே பொத்தானில் வரட்டும்.

வவுனியா: பாங்க் செயலி வேலை செய்யுமோ? ஒரு செயலியில "தொடர்க" பொத்தான் கீழ மறைஞ்சுபோய் அழுத்தேலாமல் கிடக்கு.

இரண்டும் வேறு காரணம். அப்டேட்டாக வந்த பீட்டாவில், பூட்லோடர் (போனை எழுப்பும் முதல் மென்பொருள்) பூட்டியே இருந்தால், பெரும்பாலான பாங்க் செயலிகள் ஓடும். பூட்லோடரைத் திறந்து போட்டவர்களுக்கு மறுக்கும். பிளே இன்ரெக்ரிற்றி என்ற சோதனையில் போன் தோற்கும். ஆனாலும் உத்தரவாதம் தர ஏலாது. செயலி அப்டேட் ஆகிற அன்று மனம் மாறலாம். வெளிநாட்டுக் காசை ஒரே போனில்தான் பார்க்கிறீர்கள் என்றால் அந்தப் போனில் பீட்டா வேண்டாம்.

மறையும் பொத்தானுக்குக் காரணம், புதிய இலக்குப் பதிப்புக்குக் கட்டிய செயலிகள் திரையின் மேல் விளிம்பு முதல் கீழ் விளிம்பு வரை கட்டாயம் விரிய வேண்டும் என்ற விதி. 15இல் தொடங்கியது, 16இல் விலக்குக் கேட்கும் வழியும் மூடப்பட்டது. கீழே மூன்று பொத்தான் வைத்திருப்பவர்களுக்கு அது செயலியின் மேல் விழும். செற்றிங்ஸ், சிஸ்டம், நவிகேஷன் மோட் போய் விரலால் தள்ளும் முறைக்கு மாற்றினால் கீழே ஒரு மெல்லிய கோடுதான் மிஞ்சும், பொத்தான் அகப்படும்.

ஒட்டுசுட்டான்: பீட்டா போட்டதிலயிருந்து பற்றரி நிக்குதில்லை. போன் சுடுது.

முதல் 2, 3 நாள் கணக்கில் எடுக்காதீர்கள். எல்லாச் செயலிகளையும் போன் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றபடி மறுபடி தயார் பண்ணும், அது சாஜில் போட்டுச் சும்மா வைத்திருக்கும்போதுதான் வேகமாக நடக்கும். இரவு முழுக்க வைஃபையோடு சாஜில் விடுங்கள், தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம்.

அதற்குப் பிறகும் இறங்கினால் சிக்னலைப் பாருங்கள். பீட்டாவோடு, சிக்னலைக் கையாளும் மோடத்தின் மென்பொருளும் மாறும். ஒரு கோடு சிக்னல் உள்ள இடத்தில் போன் கோபுரம் தேடியே பற்றரியைத் தின்னும். சிம் செற்றிங்ஸில் விரும்பும் நெட்வேர்க்கை 5ஜியில் இருந்து 4ஜிக்கு இறக்குங்கள். சரிவராவிட்டால் சிஸ்டம், றீசெற் ஒப்ஷன்ஸ் போய் மொபைல் நெட்வேர்க் செற்றிங்ஸை மட்டும் றீசெற் பண்ணுங்கள். இதில் படம், செயலி எதுவும் அழியாது. இன்னொன்று, பிக்சல் இலங்கையில் உத்தியோகபூர்வமாக விற்கப்படுவதில்லை. கோல் வரும்போது டேட்டா நின்றால் அது 4ஜியில் கோல் எடுக்கும் வசதி இயங்காததால். பீட்டா அதைத் திருத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பரந்தன்: அப்ப புதுசா என்னதான் இருக்கு? போடுறதுக்குப் பெறுமதியோ?

கண்ணுக்குத் தெரிவது குறைவு. ஒரே செயலியின் நோட்டிபிகேஷன்கள் கட்டாயமாக ஒரு கட்டாகச் சேரும், வட்டத்துக்கு வட்டம் குரூப் வைத்திருப்பவர்களுக்கு அது நிம்மதி. மூன்று பொத்தான் முறையிலும் பின் பொத்தானை நீளமாக அழுத்தினால் எங்கே திரும்பப் போகிறோம் என்று எட்டிப் பார்க்கலாம். வாகனம், சாப்பாடு வரும் தூரத்தைக் கோடாகக் காட்டும் நோட்டிபிகேஷன் வந்திருக்கிறது, ஆனால் செயலிகள் அதைப் பாவிக்கத் தொடங்கினால்தான் பயன். பிக்சல் 8ஏயும் அதற்குப் பிந்தியதும் என்றால் பற்றரிப் பகுதியில் பற்றரியின் ஆரோக்கியம் வீதத்தில் தெரியும். பாவித்த போன் வாங்குகிறவர்களுக்கு இதுதான் பெரிய விசயம். பழைய மொடல்களில் அது இல்லை.

என் அபிப்பிராயம்: செயலி எழுதுபவர், கடை வைத்திருப்பவர், இரண்டாவது போன் உள்ளவர் போடலாம். மற்றவர்கள் முழுப் பதிப்பு வரும்வரை பொறுக்கலாம், குடி முழுகாது.

விசுவமடு: பழைய தமிழ் பஞ்சாங்கச் செயலியின்ர ஏபிகே இன்ஸ்டோல் ஆகுதில்லை.

அன்ட்ரொய்ட் 7க்கு முந்திய பதிப்பை இலக்கு வைத்த செயலிகளை 15இல் இருந்தே புதிதாகப் போட விடாது. ஏற்கெனவே இருப்பது இருக்கும், அழித்தால் திரும்ப வராது. பிக்சல் 7இல் இருந்து 32 பிற் மட்டும் உள்ள செயலிகளும் ஓடாது, அதற்குச் சுற்றுவழியும் இல்லை.

கிளிநொச்சி, திருத்தும் கடை: வாடிக்கையாளர் ஒருவர் கீழிறக்கச் சொல்லுறார். 15இன் ஓடிஏ கோப்பை ரிக்கவரியில ஏடிபி சைட்லோட்டால குடுத்தா மறுக்குது.

மறுக்கத்தான் வேணும். ஓடிஏ என்பது அப்டேட் கோப்பு, ஏடிபி சைட்லோட் என்பது அதைக் கணினியில் இருந்து கேபிளால் கொடுப்பது. போனின் ரிக்கவரி (திருத்துவதற்கான தனி மெனு), கொடுக்கும் கோப்பின் திகதியைப் பார்க்கும். போனில் உள்ளதை விடப் பழையது என்றால் ஏற்காது. வாடிக்கையாளரின் கணக்கில் இருந்தே விலகி, கூகிள் அனுப்பும் கீழிறக்கும் அப்டேட்டைப் போடுவதுதான் பூட்லோடரைத் திறக்காத வழி. அது வராவிட்டால் கணினியில் இருந்து போனுக்குள் சிஸ்டத்தை எழுதும் கூகிளின் இணைய ஃபிளாஷ் கருவி இருக்கிறது. அதற்கு டெவலப்பர் ஒப்ஷன்ஸில் ஓஈஎம் அன்லொக்கிங் (பூட்லோடரைத் திறக்க விடும் சுவிட்ச்) ஒன் ஆக வேண்டும். பில்ட் நம்பரை 7 தரம் தட்டினால் அந்தப் பகுதி திறக்கும். அன்லொக்கிங் சாம்பல் நிறத்தில் கிடந்தால் முதலில் நெட்டில் இணைத்துப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் விற்ற செற்றாக இருக்கலாம், அது திறக்காது.

மேலேற்றும்போது சைட்லோட் பண்ணினால், ரிக்கவரியில் "நோ கொமாண்ட்" என்று படுத்த பொம்மை வந்தால் பவரை அழுத்திப் பிடித்தபடி ஒலி கூட்டும் பொத்தானை ஒருதரம் தட்டுங்கள், மெனு வரும். கணினித் திரையில் எண் 47 வீதத்தில் நின்ற மாதிரி இருந்தால் கேபிளைப் பிடுங்காதீர்கள். போனின் திரையில் முடிந்தது என்று வரும் வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வேலையைத் தொடங்க முன், போனில் உள்ளது எல்லாம் அழியும் என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்குங்கள்.

மன்னார், அடம்பன்: ஐபோனிலயும் இதே மாதிரியோ?

சேர்வது இலகு. ஐஓஎஸ் 16.4இல் இருந்து செற்றிங்ஸ், ஜெனரல், சொஃப்ட்வெயார் அப்டேட்டுக்குள்ளேயே பீட்டாவைத் தெரியலாம். அப்பிளின் மாநாடு 2025இல் ஜூன் 9இல் தொடங்கியது. அந்த வருட ஐஓஎஸ் பீட்டா அதோடுதான் வந்தது. திரும்புவதற்குக் கணினியும் கேபிளும் வேண்டும், போன் துடைக்கப்படும், பீட்டாவில் எடுத்த பக்கப் பழைய ஐஓஎஸ்ஸில் இறங்காது. ஆகவே போட முன் கணினியில் ஒரு பக்கப் எடுத்து, அதை "ஆர்கைவ்" என்று குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் அடுத்த பக்கப் அதன் மேலேயே எழுதிவிடும்.