மகளுக்கு லினக்ஸ் லேப்டாப்

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்கிறாள். குறைந்த செலவில் ஒரு லேப்டாப் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுக் கொடுக்க ஆசை. எதை வாங்கலாம்? என்னென்ன மென்பொருள் வேண்டும்? – வாசகர், மதுரை

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். புதிதுதான் வேண்டும் என்றில்லை, அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப் போதும். 2018இல் வந்த மாடல்தான், ஆனால் கீபோர்டு அருமை, ராம் (நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) இரண்டையும் பிறகு நாமே மாற்றிக்கொள்ளலாம், வைஃபைக்குத் தனியாக டிரைவர் மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி இருக்கும், இரண்டையும் பார்த்து வாங்குங்கள். ராம் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம் என்பதால் கடையிலேயே ஒலி, கேமரா, வைஃபை எல்லாம் சோதித்துவிடலாம். ஆவணங்கள் எழுத லிப்ரே ஆபிஸும் இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸும் கூடவே வந்துவிடும். அப்புறம் வீடியோவுக்கு விஎல்சி, படங்களைத் திருத்த கிம்ப். தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபிஸில் எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேர்டில் திறக்கும்போது பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம்.

சரி, எந்தப் படிப்பு என்று நீங்கள் சொல்லவில்லையே? வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் கட்டாயம் என்றால் அது லினக்ஸுக்கு வருவதில்லை, அதைக் கல்லூரியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.