வாய் சொல்கிறது, கை வரவில்லை

கேள்வி: என் கணவருக்கு 67 வயது. பார்கின்சன்ஸ் நோய் வந்து ஐந்து வருடம். மகன் டச் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். "பச்சை வட்டத்தை மேலே தள்ளணும்" என்று அவரே சொல்கிறார். ஆனால் போன் அடித்தால் தடுமாறுகிறார். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்து அலுத்துவிட்டது. அக்கறை இல்லையா, மறதியா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, அக்கறை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். என் அம்மாவுக்கும் இதே நோய். இயன்முறை மருத்துவரான நானே அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

ஒன்றைக் கேட்டு நினைவில் வைப்பது வேறு. செய்து செய்து கைக்குப் பழகுவது வேறு. பழக்கத்துக்கு மூளையின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி வேண்டும். அதற்கு வரவேண்டிய டோபமைன் என்ற ரசாயனம்தான் இந்த நோயில் வற்றுகிறது.

1996-ல் அமெரிக்காவில் பார்பரா நோல்ட்டன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சீட்டுகளைக் காட்டி, மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஆட ஆட ஊகம் கைவந்தது. பார்கின்சன்ஸ் உள்ளவர்களுக்கு முதல் 50 ஆட்டங்களில் வரவில்லை. ஆனால் என்ன சீட்டு, என்ன ஆட்டம் என்று கேட்டபோது சரியாகச் சொன்னார்கள். ஞாபகமறதி நோயாளிகளோ இதற்கு நேர்மாறு: ஊகம் தேறியது, ஆடியது நினைவில்லை. உங்கள் கணவர் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே புரியும். ஆனாலும் இந்த நோயில் போகப்போக மறதியும் வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். குதிகால் தூக்கித் தூக்கி நடுங்கும், பாதம் நகராது. ஒருநாள் வாசலில் கோலமாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இதைத் தாண்டும்மா" என்றேன். தாண்டிவிட்டார்! தானாக வராத அடியை, கண்ணால் பார்த்து, மனதால் நினைத்து எடுத்து வைத்தார்.

போனுக்கும் அதே வழிதான். "தப்பு, திரும்பச் செய்யுங்கள்" என்று விடாதீர்கள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், அவர் பார்க்கட்டும். அப்புறம் "விரலை வை, மேலே தள்ளு" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே அவர் செய்யட்டும். அந்த நேரத்தில் டிவி வேண்டாம், பேச்சும் வேண்டாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் பொழுதாகப் பார்த்து, மகனைத் தினமும் நாலைந்து முறை அழைக்கச் சொல்லுங்கள். ரொம்ப நேரம் அடிக்கவிடட்டும், சீக்கிரம் வைத்துவிட வேண்டாம்.