முட்டையிட்ட கோழிக்கு அடி தள்ளினால்

ஐயா,

எங்கள் வீட்டில் நான்கு கோழிகள். அதில் கிராமப்ரியா என்ற முட்டைக்கோழி இனம் ஒன்று, என் மகள் கையிலேயே வளர்ந்தது. முட்டை வைக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. நேற்றுக் காலை ரொம்பப் பெரிய முட்டை இட்டது, உடைத்தால் இரண்டு கரு. அப்போதிருந்து பின்பக்கம் எலுமிச்சை அளவுக்குச் சிவப்பாகச் சதை தொங்குகிறது. மற்ற கோழிகள் அதைக் கொத்துகின்றன. மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசி உள்ளே தள்ளினேன், மாலையில் திரும்ப வந்துவிட்டது. குடல் சரிந்துவிட்டது, அறுத்துவிடலாம் என்கிறார் மாமியார். காப்பாற்ற வழி உண்டா?

எஸ்., கே.வி.குப்பம்

அன்புள்ள எஸ்.,

உண்டு. சதை இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்வரை தைரியமாக முயலலாம். தொங்குவது பெரும்பாலும் குடல் இல்லை, முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி. ஒவ்வொரு முட்டையின்போதும் அது முட்டையோடு சேர்ந்து வெளியே பிதுங்கி, முட்டை விழுந்ததும் உள்ளே சுருங்கிவிடும். முட்டையில் எச்சம் ஒட்டாமல் வருவது இதனால்தான். இளங்கோழிக்கு இரட்டைக்கரு முட்டை வந்தால் தசை அளவுமீறி விரிந்து, சுருங்கும் பலத்தை இழந்துவிடும். கால்சியம் குறைந்த கோழிக்கும், அடிவயிற்றில் கொழுப்பு சேர்ந்த கோழிக்கும் சாதாரண முட்டையே போதும், இதே கதிதான்.

முதலில் கோழியைத் தனியே பிரியுங்கள். மற்றவை சிவப்பைக் கண்டால் விடாது, கொத்தி இழுத்துக் குடலையே வெளியே கொண்டுவந்துவிடும்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்து, வெதுவெதுப்பாகச் சதைமேல் ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது. சுற்றியுள்ள இறகைக் கத்தரியால் நறுக்குங்கள், பிடுங்க வேண்டாம். டெட்டால், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் எதுவும் அந்தச் சதையில் படக் கூடாது. பீட்டாடின் என்றால் வெறும் டீத்தண்ணீர் நிறத்துக்கு நீர்த்துப் பயன்படுத்தலாம். கையுறை போட்ட விரலில் வாசலின் தடவி, உள்ளே கெட்டியாக முட்டை தட்டுப்படுகிறதா என்று மெல்லத் தொட்டுப் பாருங்கள். இருந்தால் தள்ளாதீர்கள், அழுத்தி உடைக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் அடிவயிறு நனைய உட்காரவையுங்கள். அப்படியும் முட்டை இறங்காவிட்டால் அது மருத்துவர் வேலை.

முட்டை இல்லை என்றால் வீக்கத்தை வற்றவைக்க வேண்டும். பொடித்த சர்க்கரையைச் சதைமேல் கெட்டியாக அப்பி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். சர்க்கரை நீரை உறிஞ்சுவதால் சதை கண்ணெதிரே சுருங்கும், சொட்டுச் சொட்டாக நீர் வடியும். நீங்கள் இந்த வேலையைச் செய்யாமல் தள்ளியதும் அது திரும்ப வந்ததற்கு ஒரு காரணம். பிறகு உப்புநீரால் கழுவி, தேனோ வாசலினோ தடவுங்கள். ஒருவர் கோழியை மடியில் அணைத்து, தலை தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்திருக்கும்படி பிடிக்கட்டும். மற்றவர் நடுவிலிருந்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். கோழி முக்கும்போது நிறுத்தி, முக்கல் அடங்கியதும் தொடருங்கள். உள்ளே போனதும் ஐந்து நிமிடம் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி வந்தால் மறுபடி செய்யலாம்.

ஆனால் தள்ளுவதோடு வைத்தியம் முடியாது. முட்டை இட்ட அரைமணி நேரத்துக்குள் அடுத்த கரு இறங்கிவிடும், சுமார் 25 மணி நேரத்தில் அது முட்டையாகி வெளியே வரும். ஆறாத தசையில் இன்னொரு முட்டை வந்தால் எல்லாம் பாழ். நாட்டுக்கோழி என்றால் சில நாளில் அடைக்கு உட்கார்ந்து தானே நிறுத்திக்கொள்ளும். கிராமப்ரியா பெரும்பாலும் அடைகாக்காது, அதனால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். வெளிச்சம்தான் கோழியை முட்டையிடத் தூண்டுவது. ஆகவே ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் பத்து நாளாவது வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தை நிறுத்திவிட்டு கம்பு, கேழ்வரகு, நொய், கொஞ்சம் கீரை மட்டும் கொடுங்கள். புரதம் குறைந்தால் முட்டை நிற்கும். ஏற்கெனவே உருவான முட்டை ஒன்றிரண்டு வரலாம், அந்த நாட்களில் அடிக்கடி பாருங்கள்.

இருட்டு என்றதும் தகரக் கொட்டகைக்குள் அடைத்துவிடாதீர்கள். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அதுவே கோழியைக் கொன்றுவிடும். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, காற்றுப்போக இடம்விட்டுச் சாக்கு போர்த்துங்கள். வெயிலில் கோழி வாய்திறந்து இரைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்குக் கால்சியம் சேர்வதும் கெடுகிறது. கூடைமேல் கொசுவலையும் வேண்டும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு நெளியும். மாட்டுப் புண்ணுக்கு விடும் டர்பன்டைனை இதில் விடாதீர்கள், சதை வெந்துவிடும். புழுவை இடுக்கியால் எடுத்து உப்புநீரால் கழுவுங்கள்.

சதை கருத்தாலோ, வறண்டு கிழிந்தாலோ, இரண்டு நாளில் நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்கு அழைத்துக் கேளுங்கள். எச்சம் போக வழிவிட்டுச் சுருக்குத் தையல் போடுவார்கள். தையல் இருக்கும்போது முட்டை வந்தால் ஆபத்து, அதனால் அப்போதும் இருட்டு தொடர வேண்டும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எடை பார்த்துத் தருவார், எத்தனை நாள் அந்த முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போக வைக்கும் மூலக் களிம்புகளும் வேண்டாம், பறவைக்கு அவை நஞ்சாகலாம்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒருமுறை அடி தள்ளிய கோழிக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். சதை அழுகி, கோழி தலை தொங்கி, தீனியைத் தொடாமல் கிடந்தால் வலியில் இழுத்தடிப்பதைவிட விடுவிப்பதே கருணை. உங்கள் கோழி இன்னும் அந்த நிலையில் இல்லை. மகளிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் வெளியே வராமல் இருந்தால் கூட்டத்தில் சேர்க்கலாம், சேவலை மட்டும் இன்னும் சில நாள் தள்ளி வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைப் படிப்படியாகத் திருப்புங்கள். தீவனத்தோடு கலக்காமல், உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான அளவு தானே கொத்திக்கொள்ளும். அதன்பின் முதல் முட்டை எப்போது, எந்த அளவில் வந்தது என்று எழுதுங்கள். அது பெரிதாக இருந்தால் தீவனத்தை இன்னும் மாற்ற வேண்டியிருக்கும்.