அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஆடியவர் கல்லூரியில் ஏன் வெறும் உதவிப் பயிற்சியாளர் ஆகிறார்?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் உதவிப் பயிற்சியாளர் பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என ஏதாவது ஒரு பகுதியைக் கவனிப்பார். பள்ளிகளில் புது வீரர்களைத் தேடிப் பிடிப்பதும் பெரும்பாலும் இவர் தலையில்தான். கல்யாணச் சமையலில் மெனுவை முடிவு செய்வது தலைமைச் சமையல்காரர். சாம்பார் பதம் பார்ப்பது அடுப்படியில் நிற்பவர். அப்படித்தான் இதுவும்.

மேஜர் லீக் அணியான கொலராடோ ராக்கீஸில் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) டிராய் டுலோவிட்ஸ்கி 2019இல் ஓய்வு பெற்று, அதே ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளரானார். காரணம் எளிது: நன்றாக ஆடுவது வேறு, அதை இருபது வயதுப் பையனுக்குப் புரியவைப்பது வேறு. அந்த வித்தையை இங்கே பழகலாம். 2023 வரை இந்தப் பதவிகளில் ஒன்று சம்பளமே இல்லாத தன்னார்வ வேலை என்பது வேடிக்கை!

அப்புறம், தொழில்முறையில் ஆடியவர் கல்லூரிப் பக்கமே வரக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். தொழில்முறையில் ஆடியது பற்றிய கட்டுப்பாடுகள் மாணவராக ஆடுபவருக்குத்தான், பயிற்சியாளருக்கு இல்லை.