சொராரிட்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கமலா ஹாரிஸ் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கல்லூரியில் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற சொராரிட்டியில் இருந்தார் என்று வருகிறது. அகராதி 'மகளிர் சங்கம்' என்கிறது. நம் ஊர் மாதர் சங்கம் போன்றதா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

அகராதி உங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டது. மாதர் சங்கத்தில் சந்தா கட்டினால் உறுப்பினராகிவிடலாம். சொராரிட்டி அமெரிக்கக் கல்லூரி மாணவிகளின் சங்கம்; அதில் சேர, உள்ளே இருப்பவர்கள் அழைக்க வேண்டும். பிறகு உறுதிமொழி, வெளியே சொல்லக்கூடாத சடங்கு, ஆயுள் முழுக்கத் தொடரும் உறவு.

லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. ஆங்கில 'சிஸ்டர்', சமஸ்கிருத 'ஸ்வஸ்ரு' எல்லாம் அதன் பங்காளிகள். ஆனால் தொடக்க காலச் சங்கங்கள் பலவும் தங்களை 'பெண்கள் ஃப்ரெடர்னிட்டி' என்றே சொல்லிக்கொண்டன. ஃப்ரெடர்னிட்டி என்பது ஆண் மாணவர்களின் சங்கம்; லத்தீனில் 'ஃப்ராத்தேர்' என்றால் சகோதரன். ஆக, பெண்களின் அண்ணன் தம்பி சங்கம்! சிரகூஸ் பல்கலைக்கழகத்தில் 1874இல் தொடங்கிய 'காமா ஃபை பீட்டா'வுக்கு, 1882இல் ஃப்ராங்க் ஸ்மாலி என்பவர்தான் 'சொராரிட்டி' என்ற சொல்லைப் பொருத்தினார். லத்தீன் பேராசிரியர், காது உறுத்தியிருக்கும். 1870இல் பிறந்த 'கப்பா ஆல்ஃபா தீட்டா' இன்றும் ஃப்ரெடர்னிட்டி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய பெயர். ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், வெஸ்லியன் மகளிர் கல்லூரி மாணவிகள் 1851இல் தொடங்கியது 'அடெல்ஃபியன்' சங்கம். கிரேக்கத்தில் 'அடெல்ஃபே' என்றாலும் சகோதரிதான். பிரித்தால் 'ஒரே கருப்பை' என்று வரும். நம் 'சகோதரி'யையும் பிரித்துப் பாருங்கள்: சஹ, உதரம். அதே வயிறு!

கமலா ஹாரிஸின் சங்கம் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கியது. அங்கே ஒருவரையொருவர் 'சொரோர்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். வழக்கொழிந்த மொழியின் உறவுமுறைச் சொல், பேரன் பேத்தி எடுத்த பெண்களின் வாயில் புழங்குகிறது.

மொழிபெயர்ப்புக்கு 'சகோதரித்துவம்' வேண்டாம், பல்லில் சிக்கும். சங்கப் பாடல்களில் தலைவியின் தோழியர் கூட்டத்துக்கு 'ஆயம்' என்ற அழகான சொல் உண்டு. எனக்கும் ஆசைதான். ஆனால் கமலா ஹாரிஸ் ஆயத்தில் இருந்தார் என்று எழுதினால், வாசகர் அவரை ஆயத்தீர்வைத் துறையில் வேலைக்குச் சேர்த்துவிடுவார். சொராரிட்டி என்றே எழுதி, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.