எரிக்காமலே தணிக்கை: 'தி கிவர்' பற்றிக் கேள்வி பதில்

லோயிஸ் லௌரி 1993-ல் எழுதிய இளையோர் நாவல் 'தி கிவர்'. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கதை முழுக்க வெளிப்பட்டுவிடும். இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள். படத்தைச் சொல்லவில்லை, புத்தகத்தை.

கதை என்னவென்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பசி, போர், வலி எதுவும் இல்லாத ஓர் ஊர். அங்கே நிறமும் இல்லை, இசையும் இல்லை, பழைய நினைவுகளும் இல்லை. மனித குலத்தின் நினைவுகள் அத்தனையையும் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். பன்னிரண்டு வயதாகும் ஜோனஸ், அவற்றை அவரிடமிருந்து வாங்கிச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். ஊர் எதையெல்லாம் தன்னிடமிருந்து மறைத்தது என்று அவனுக்குத் தெரியவருவதுதான் கதை.

இதில் ஒரு புத்தகத்தைக்கூட யாரும் எரிக்கவில்லையே. எப்படி இதைத் தணிக்கை பற்றிய நாவல் என்கிறீர்கள்?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எரிக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவை ஓர் அகராதி, ஊரின் அலுவலகங்களையும் குழுக்களையும் விவரிக்கும் ஒரு தடித்த புத்தகம், விதிமுறைப் புத்தகம், அவ்வளவுதான். வேறு புத்தகங்கள் உலகத்தில் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. கிழவரின் அறைக்குள் முதன்முதலாக நுழையும் ஜோனஸ், சுவர் முழுக்கப் புத்தகங்களைப் பார்த்து மலைத்துப்போகிறான். அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கும் என்று ஊகிக்கக்கூட அவனால் முடியவில்லை. அவற்றிலும் விதிமுறைகள்தான் இருக்குமோ என்று யோசிக்கிறான்.

அப்புறம், இரண்டு இடங்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். நாலு வயதில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன், 'பட்டினி கிடக்கிறேன்' என்று ஜோனஸ் சொல்லிவிடுகிறான். உடனே அவனைத் தனியே அழைத்துத் திருத்துகிறார்கள். உனக்குப் பசிதான், பட்டினி இல்லை. இந்த ஊரில் யாரும் பட்டினி கிடந்ததில்லை, கிடக்கப்போவதும் இல்லை, நீ சொன்னது தெரியாமல் சொன்ன பொய் என்கிறார்கள். அதட்டல் இல்லை, அடி இல்லை, பொறுமையாகத்தான் சொல்கிறார்கள். வெகு பக்கங்கள் தள்ளி வேறொரு செய்தி வருகிறது. வேலைக்கு ஆள் போதவில்லை, பிறப்புகளைக் கூட்ட வேண்டும் என்று ஊர்மக்கள் மனு கொடுத்தார்களாம். ஊரை ஆளும் பெரியவர்கள் கிழவரிடம் வந்து கேட்டார்கள். அவரிடம் பஞ்சத்தின் நினைவு இருந்தது. வேண்டாம் என்றார், விட்டுவிட்டார்கள். அதாவது பட்டினி என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியக் கூடாது, ஆனால் அது தெரிந்த ஒருவர் ஊருக்குத் தேவை. தணிக்கை செய்கிறவர்கள் தங்கள் உபயோகத்துக்கு ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதை இதைவிடத் துல்லியமாக எழுதிய இளையோர் நாவலை நான் படித்ததில்லை.

இதில் கொடுங்கோலன் யாரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். முந்தைய தலைமுறைகள் தாங்களே விரும்பி எடுத்த முடிவு இது. எல்லாமே அக்கறையின் பேரில் நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை நாவலின் பயங்கரமே அந்த அக்கறைதான்.

கடைசியில் ஜோனஸ் உயிர் பிழைக்கிறானா, இல்லை பனியில் உறைந்து சாகும்போது வரும் கனவா?

ஊரைவிட்டுத் தப்பிய ஜோனஸ், கைக்குழந்தை கேப்ரியலை அணைத்தபடி சறுக்குவண்டியில் இறங்குகிறான். கீழே விளக்குகள் தெரிகின்றன, பாட்டு கேட்கிறது. அது வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று நாவல் முடிகிறது. லௌரி இதைத் தெரிந்தேதான் திறந்து விட்டார். ஆனால் பின்னால் வந்த நாவல்களில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

2014-ல் வந்த படத்தைப் பார்த்தால் போதாதா?

போதாது. பன்னிரண்டு வயதுப் பையனைப் பதின்பருவ இளைஞனாக்கிவிட்டார்கள்.

அக்கா, மாணவர்களுக்கு எளிமைப்படுத்திய சுருக்கப் பதிப்பு கொடுக்கலாமா? நான் ஓர் ஆசிரியை.

வேண்டாம். இது ஏற்கெனவே சின்னப் புத்தகம், எளிய மொழி. சுருக்கப் பதிப்புகளை நம்பாதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகங்களை எரிக்கும் தேசத்தைப் பற்றி ரே பிராட்பரி 1953-ல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' தெரியுமில்லையா? 1967-ல் பள்ளிகளுக்கென்று அதற்குத் தனிப் பதிப்பு போட்டார்கள். 'நாசமாய்ப் போக' வகை வசவுகளையும் வேறு பல இடங்களையும் நீக்கினார்கள், மாற்றினார்கள். மொத்தம் 75 இடங்கள். ஆசிரியருக்கே சொல்லவில்லை. சில வருடங்கள் கடையில் கிடைத்ததே அந்த வெட்டுப்பட்ட பதிப்புதான். மாணவர்கள் கடிதம் எழுதித்தான் பிராட்பரிக்கு விஷயம் தெரிந்தது. சண்டை போட்டு மூலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

முடிவில் அவன் இறந்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. சரியா?

மேலே சொல்லிவிட்டேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஜோனஸின் அப்பா இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஊசி போட்டுக் கொல்லும் இடத்தைப் படித்துவிட்டு எனக்கே தூக்கம் வரவில்லை. இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். நானும் தணிக்கை செய்கிறேனா?

இல்லை அம்மா. அப்பா அந்தக் குழந்தையிடம் கொஞ்சும் குரலிலேயே பேசிக்கொண்டு ஊசி போடுகிறார், 'டாட்டா' சொல்லி அனுப்புகிறார். அந்தக் குரலைத் தாங்கக் கொஞ்சம் வயது வேண்டும். உங்கள் மகளைத் தெரிந்தவர் நீங்கள். தள்ளிப்போடுங்கள்.

இது இரட்டை நியாயம். 'தாங்க மாட்டார்கள்' என்றுதானே நாவலில் வரும் பெரியவர்களும் சொல்கிறார்கள்?

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். அந்த அம்மா தன் பிள்ளைக்கு மட்டும் முடிவெடுக்கிறார், அதுவும் சில காலத்துக்கு. நாவலில் எல்லோருக்கும், எப்போதைக்கும். அவர் நூலகத்துக்குப் போய், 'இதை அலமாரியிலிருந்து எடுங்கள், எந்தப் பிள்ளையும் படிக்கக் கூடாது' என்று கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். இந்த நாவலுக்கே அது நடந்தது. 1990-களில் அமெரிக்காவில் அடிக்கடி எதிர்ப்புக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் இதுவும் உண்டு.

அப்படியானால் நூலகர் ஒரு புத்தகத்தை வாங்காமல் விடுவது? அதுவும் எல்லோருக்கும்தானே?

இதற்கு 1953-லேயே லெஸ்டர் ஏஷைம் என்ற அமெரிக்க நூலகவியல் அறிஞர் பதில் எழுதிவிட்டார். தேர்ந்தெடுப்பவர் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார், தணிக்கையாளர் அதை ஒதுக்கக் காரணம் தேடுகிறார் என்பது அவர் வாதம். நடைமுறையில் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது. வம்பு வருமே என்று பயந்து ஒரு புத்தகத்தை வாங்காமல் விட்டு, அதற்குத் தேர்வு என்று பெயர் சூட்டினால் என் கணக்கில் அது தணிக்கைதான். நாவலின் ஊரைவிட அதில் ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் மறுத்ததற்குச் சாட்சியே இருக்காது.

ஜோனஸ் கடைசியில்...

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, படியுங்கள்.

புத்தகத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

தொட்டால் நினைவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், ஜோனஸ் எல்லையைத் தாண்டினால் நினைவுகள் ஊருக்கே திரும்பிவிடும் என்பதற்கெல்லாம் எந்த விளக்கமும் இல்லை. கற்பனை என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் சிநேகிதி ஃபியோனாவை அம்போவென்று விட்டது மன்னிக்க முடியாதது. முதியோர் இல்லத்தில் பயிற்சி பெறுகிறாள், அங்கே கொல்வதையும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று கிழவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அவள் கண் வழியாக ஓர் அத்தியாயமாவது வேண்டும்.

இந்தக் கரு எப்படித் தோன்றியதாம்?

லௌரியின் அப்பா முதுமையில் நினைவிழந்து, தன் மூத்த மகள் இறந்ததையே மறந்துவிட்டார். வலியை மறப்பது நிம்மதியா என்ற கேள்வி அங்கே தொடங்கியது. முதல் பதிப்பின் அட்டையில் இருக்கும் தாடிக்காரக் கிழவர் ஓர் ஓவியர். லௌரியே எடுத்த படம். நிறங்களோடு வாழ்ந்த அந்த மனிதர் பின்னாளில் பார்வையை இழந்தார்.

அடுத்து எதைப் படிக்கலாம்?

'கேதரிங் ப்ளூ' 2000, 'மெசெஞ்சர்' 2004, 'சன்' 2012. இதே வரிசையில் படியுங்கள். முடிவைப் பற்றி இன்னும் கேள்வி வைத்திருப்பவர்கள் 'மெசெஞ்சர்' வரையாவது வந்துவிட்டு எழுதுங்கள்.