உகாண்டாவுக்குக் கட்டட ஊழியம் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றின் குழுவோடு மூன்று முறை உகாண்டா போய் பள்ளிக்கூட அறைகள் கட்டி வந்தவன் நான். தொழில் கொத்து வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, ரெண்டு வாரம் என்ன சாப்பிடுறது? அரிசி, சாம்பார்ப் பொடி கொண்டு போகலாமா?

வேண்டாம் தம்பி. முதல் தடவை நாங்கள் கொண்டு போனோம். அந்தச் சபைத் தாய்மார் விடியற்காலையிலேயே வந்து மத்தோக்கே வைத்திருந்தார்கள். பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் இலையோடு சேர்த்துக் கையால் அமுக்கி மசிப்பார்கள். கூட வேர்க்கடலைக் குழம்பு. நாங்கள் ஓரமாக அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினோம். அவர்கள் பொதியைப் பிரிக்கவே இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களை இன்றும் மறக்க முடியவில்லை.

மற்ற நாளெல்லாம் போஷோவும் பீன்ஸும்தான். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டித் துடுப்பால் கிண்டுவது. நம் களிதான். கல் சுமக்கிற உடம்புக்கு மாலை வரை தாங்கும். காரம் இருக்காது, பழகிவிடும். சாப்பிடும் முன் ஒருவர் கையில் தண்ணீர் ஊற்றுவார், கீழே வேறொருவர் சட்டி பிடிப்பார். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரிடம், அங்கே பேசும் லுகாண்டா மொழியில் "வெபாலெ குஃபும்பா" என்று சொல்லுங்கள். சமைத்ததற்கு நன்றி என்று அர்த்தம். தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்ததையே குடியுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

கட்டாயம். போய்ச் சேருவதற்குப் பத்து நாளாவது முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

எந்த மாசம் நல்லது?

தெற்குப் பக்கம் என்றால் மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை. தவிர்த்துவிடுங்கள்.

ஏழை வீட்டில் நமக்காகக் கோழி அடித்தால் வேண்டாம் என்பதுதானே நியாயம்? அவர்கள் பிள்ளைகள் வாயில் இருந்து பறிக்கிற மாதிரி இருக்கிறது.

(இன்னொரு சகோதரி) அப்படிச் சொல்லாதீங்க. நம்ம வீட்டுக்கு வந்தவங்க தட்டைத் தள்ளினா நமக்கு எப்படி இருக்கும்?

சகோதரி சொல்வதே சரி. தம்பியின் மனசும் புரிகிறது. ஆனால் நம் ஊர்ச் சபையில் எல்லாருக்கும் போடும் பொது விருந்தான அசனத்தை நினைத்துப் பாருங்கள். பணக்காரர், கூலிக்காரர் எல்லாரும் ஒரே பந்தி. கொடுக்கிறவன் ஏழை என்று சொல்லி அவன் சோற்றை ஒதுக்கினால், அவனை ஏழையாகவே வைத்துவிட்டோம். பெரிய விருந்தாளிக்குக் கோழியின் இரைப்பையைத் தருவது, உகாண்டாவின் ஒரு பகுதியான புகாண்டாவின் வழக்கம். தட்டில் வந்தால் மரியாதையாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

அப்போ செலவு அவங்க தலையில்தானே விழுது?

விழக் கூடாது. குழுவின் சாப்பாட்டுச் செலவைக் கட்டடக் கணக்கிலேயே சேருங்கள். போய் இறங்கிய அன்றே சமையல் பொறுப்பில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கோழி அப்புறம் அவர்களாக விரும்பித் தருவது, அதைத் தடுக்காதீர்கள்.

பிளைட்டுல போறதுக்கு முன்னாடி ஏதாவது ஊசி போடணுமா?

மேலே சொல்லிவிட்டேன். ஊசி பற்றி இனிக் கேட்க வேண்டாம், மேலே படியுங்கள்.

எனக்குச் செங்கல் அடுக்கத் தெரியாது. வரலாமா?

வாருங்கள். அங்கே சுட்ட செங்கல்தான், கட்டும் முன் நனைக்க வேண்டும். அதற்கும் பாண்டு தூக்கவும் ஆள் வேண்டும். சுவர் எழுப்புவதை உள்ளூர் மேசன்களிடம் விட்டுவிடுங்கள். கூலி அவர்களுக்குப் போகட்டும்.

அங்கே குழாய்த் தண்ணி குடிக்கலாமா?

கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். பல் தேய்க்கவும் அதுதான்.

திரும்பும்போது என்ன கொடுத்துட்டு வரலாம்? பழைய துணி சேர்க்கிறோம்.

துணி வேண்டாம். நல்ல ரசமட்டம், தூக்குக்குண்டு, நாலு கொத்துக் கரண்டி. வேலை செய்த மேசன்களின் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.